கேமராவுக்கு மட்டும் தெரிந்த தெரு

"வீடெல்லாம் கோணலா நிக்குது! யார் கட்டினது இந்தத் தெருவை?" என்று கத்தினார் இயக்குநர்.

யாரும் கட்டவில்லை. படப்பிடிப்புக் கூடத்தில் இருந்தது ஒரு பெரிய எல்.இ.டி. சுவர்தான். லட்சக்கணக்கான குட்டி விளக்குகள் சேர்ந்து அதில் ஒரு பழைய தெருவைக் காட்டின. அதன் முன்னால் நடிகர் நின்றால், திரைப்படத்தில் அந்தத் தெருவிலேயே நிற்பதுபோல இருக்கும்.

"சார், அது கேமராவுக்காகப் போட்டது. கேமரா நிக்கிற இடத்துலேர்ந்து பார்த்தாத்தான் நேரா தெரியும்" என்றார் சிறுமி வாலுவின் அப்பா. சுவரை இயக்குவது அவர் வேலை.

"நான் பெரிய ஆளா, கேமரா பெரிய ஆளா?"

அப்பா தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாலும் சொல்லக் கூடாது.

இயக்குநருக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் அவருடைய தொப்பி உட்காரும்.

வாலுவுக்குப் பத்து வயது. "அசையாம ஒரே இடத்துல உட்காருவேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் விடுமுறை நாளில் அப்பாவோடு வந்திருந்தாள். அந்த வாக்கு காலை ஒன்பதரை மணி வரை நின்றது.

சுவரோரம், நடிகர்களுக்கு உடை தைக்கும் அக்கா எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"எங்க வீட்டைத்தான் கண்ணு. நான் பொறந்து வளந்த தெரு இது. நான் வேலைக்கு வெளியூர் போயிருந்தப்ப இடிச்சுட்டாங்க. திரும்பி வந்து பார்த்தா பாலம் நிக்குது. நல்லவேளை, இடிக்கிறதுக்கு முன்னாடி இந்தப் படக்காரங்க மூலை முடுக்கு விடாம போட்டோ எடுத்து வச்சிருக்காங்க."

"எது உங்க வீடு?"

"அதோ பேப்பர் கடை தெரியுதா? அதை ஒட்டின சந்துல ரெண்டாவது வீடு. சாயங்காலம் சந்து முனைக்கு வந்தாலே எங்கம்மா தையல் மெஷின் சத்தம் கேக்கும். சத்தம் நின்னுடுச்சுன்னா என்னைத் தேட ஆரம்பிச்சுட்டாங்கன்னு அர்த்தம். ஒரே ஓட்டமா ஓடுவேன்."

அக்கா இடப்பக்கம் சாய்ந்தார். குனிந்தும் பார்த்தார். சந்துக்குள் தெரியவில்லை. "எங்கிட்ட அந்த வீட்டு போட்டோ ஒண்ணுகூட இல்ல" என்று முணுமுணுத்தார்.

"சாப்பாட்டு நேரம்!" என்றார் இயக்குநர். "வந்ததும் சுவர்ல நிலாக் காட்சி போடுங்க. இந்தத் தெரு இனிமே வேணாம். அழிச்சிடுங்க!"

அக்காவின் முகம் வாடியது.

அப்பாவும் அக்காவும் தவிர எல்லாரும் கிளம்பினார்கள். கேமராக்காரர் கேமராவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார். அப்போதுதான் வாலு அதைப் பார்த்தாள். கேமரா நகர நகர, சுவரில் இருந்த தெருவும் திரும்பியது!

"அப்பா! தெரு எப்படி நகருது?"

"கேமரா தலையில ஒரு சின்னப் பெட்டி இருக்கு பாரு. அது எங்க போகுதோ, அங்கேர்ந்து பார்க்கிற மாதிரி தெரு திரும்பும்."

"அப்போ அந்தப் பெட்டியை அக்கா தலையில வச்சா?"

டிபன் பெட்டியிலிருந்து அப்பா எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. "டைரக்டர் பார்த்தா என் தலை உருளும்டி."

"அவர் சாப்பிட ஒரு மணி நேரம் ஆகும்ப்பா. நடுநடுவுல பேசணுமே! நிலா வந்துட்டா அக்கா வீட்டை எப்பவுமே பார்க்க முடியாதுப்பா."

அப்பா அக்காவைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

பெட்டியை அக்காவின் தலையில் வைத்து, அவருடைய அளவு நாடாவாலேயே மோவாயோடு சேர்த்துக் கட்டினார்கள்.

"மகாராணி மாதிரி இருக்கீங்கக்கா!"

"சிரிப்பு மூட்டாதடி, கிரீடம் ஆடுது!"

அக்கா வலப்பக்கம் ஓரடி வைத்தார். தெரு திரும்பியது. இன்னோரடி. பேப்பர் கடை மெல்ல ஒதுங்கி வழிவிட்டது. சந்து திறந்தது.

"இதோ! கதவு பாதி நீலம், பாதி பச்சை! நீலம் தீந்துபோச்சுன்னு எங்கம்மா பச்சையில முடிச்சாங்க. தெருவே சிரிச்சுது!"

அக்கா நடந்தார். சுவரின் அடியில், தன்னை அறியாமலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பிறகு அந்தக் கதவைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

"யாரது என் சுவர்கிட்ட?" வாசலில் இயக்குநர். "மறுபடியும் கோணல்!"

வாலு முன்னால் வந்தாள்.

"உங்களுக்குத்தான் சார் கோணல். அக்காவுக்கு நேரா தெரியுது. அது அவங்க வீடு."

இயக்குநர் சுவரைப் பார்த்தார். அக்காவின் ஈரக் கண்களைப் பார்த்தார். கீழே இருந்த செருப்பைப் பார்த்தார்.

"நிலா காத்திருக்கட்டும். தெருவை அழிக்க வேணாம், பத்திரமா வைங்க" என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

பிறகு அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில் குனிந்து, தன்னுடைய பளபளக்கும் பூட்ஸைக் கழற்றினார். இடது காலுறையிலிருந்து கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

வாலு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிற்கவைக்கலாமா?

"உள்ள வாங்க சார். அந்த சாக்ஸைக் கழட்டிக் குடுங்க, ரெண்டே நிமிஷத்துல தைச்சுத் தர்றேன்."