மேடை எடுத்த தொட்டி

எந்த எலியையும் உள்ளே விடாமலேயே தொட்டித் தண்ணீர் அசைந்தது.

எலி அறையைச் சுத்தம் செய்யும் ஆயம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். சாயங்காலம் நான்கு மணிதான். ஆனால் கல்வராயன் மலைப் பக்கமிருந்து இறங்கிய மேகம் சங்கராபுரம் சாலையோரத்து பார்மசி கல்லூரியை அப்படியே மூடியிருந்தது. அறைக்குள் நனைந்த மரத்தூளும் எலி மூத்திரமும் புளித்த பால்பவுடரும் கலந்த வாடை. ஆள் படுக்கும் அகலத்துக்கு வட்டத் தொட்டி. அடியில் இருக்கும் சின்ன மேடை தெரியக்கூடாதென்று பால்பவுடர் கலந்த வெள்ளைத் தண்ணீர். சன்னலோரம் நிற்கும் அவளையும் சுவரில் ஒட்டிய முக்கோணத்தையும் அடையாளம் வைத்துத்தான் எலிகள் நீந்தி வந்து மேடை ஏறும். ஞாபகசக்திக்கான சோதனை.

நேற்று மேடையை எடுத்துவிட்டு ஓர் எலியை விட்டார்கள், பழைய இடத்தையே தேடுகிறதா என்று பார்க்க. ஒரு நிமிஷத்தில் தூக்கிவிட வேண்டும். "நான் சொல்ற வரிக்கும் அசையாத" என்று சொல்லிவிட்டு, ஆராய்ச்சி மாணவன் தீனதயாளன் போனோடு வெளியே போனான். அவள் நின்றாள். எலி அவளையே பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு முழுகிப் போனது. திரும்பி வந்தவன் கத்தினான்.

"ஏம்மா, கை இல்லியா உனுக்கு? எடுத்தா இன்னா?"

"நீங்கதான சார் அசையாதன்னீங்க."

"வாய் மட்டும் நல்லா வருது. இன்னொரு தபா இப்டி ஆச்சு, வூட்லயே இருந்துக்க."

புருஷன் போன பிறகு கருணாபுரத்து வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான்.

இன்று ஐந்து மணிக்குள் தொட்டியைக் காலி செய்யச் சொல்லியிருந்தான். மறுபடி வாளியை எடுத்தாள்.

தண்ணீரில் ஒரு கோடு. மூக்கு மட்டும் கிழித்துப் போகிற கோடு. அவளுக்கு நேர் எதிரே வட்டம் போட்டது.

கதவுப் பக்கம் நகர்ந்தாள். வட்டமும் வந்தது.

எதிர்ச்சுவர். அங்கேயும்.

மூச்சு கேட்டது. சின்ன மூச்சு. அவளுடையது இல்லை.

ஓடிவிடலாம். நாளைக்குச் சோறு?

கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் நான்கு பாதங்கள் ஏறின. ஜில்லென்று. தூக்கினாள். கண்ணைத் திறந்து பார்த்தாள். கையில் ஒன்றுமில்லை. கனம் மட்டும். மீசைமயிர் மணிக்கட்டை உரசியது.

"போயிடு சாமி. தெரியாம நின்னுட்டேன்."

இறங்கவில்லை.

சோதனை முடிந்ததும் மூளையை எடுத்துவிட்டு, மிச்ச உடலை எறியச் சொல்லி அவளிடம்தான் பையில் கட்டிக் கொடுப்பார்கள். மூன்று வருஷமாக.

தொட்டியின் விளிம்பில் ஒரு கோடு கிளம்பியது. இன்னொன்று. பத்து. நூறு.

வெள்ளைத் தண்ணீர் மொத்தமும் அவள் கையை நோக்கி வந்தது.