ஆடி வெள்ளியில் கொடுத்த சம்பளம்

1999, ஆடி மாசம். சனிக்கிழமை காலை எட்டு மணி.

செங்கம் ரோட்டில் பரசுராமன் லாட்ஜ் வாசலில் வந்து நின்றாள் உண்ணாமலை. ஒன்பது வருஷமாக அங்கே அறை பெருக்கி, பெட்ஷீட் துவைத்தவள். முந்தின நாள் சாயங்காலம் மேனேஜர் வேணு கூப்பிட்டு, "முதலாளி உன்னை நிறுத்தச் சொல்லிட்டார். கணக்கை நாளைக்குக் காலையில வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டான். ஏன் என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்?" என்றான்.

நாலு மாசச் சம்பளத்தை முதலாளியிடமே விட்டுவைத்திருந்தாள். கையில் வாங்கினால் கரைந்துவிடுமே! மகள் எழிலரசிக்கு வேலூரில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. புதன்கிழமைக்குள் ஃபீஸ் கட்டணும்.

வேணு பல் குத்திக்கொண்டே வந்தான்.

"நேத்தே வாங்கிட்டுப் போயிட்டு, இன்னிக்கு மறுபடியுமா?"

உண்ணாமலை உள்ளே ஓடினாள். முதலாளி பரசுராமன் பூஜையில் இருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குடுத்தாச்சும்மா. போ."

ஊருக்கே சோறு போடுகிற மனுஷன் இப்படிப் புளுகுவாரா என்று அழுதுகொண்டே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

காலை பத்து மணி. ஏட்டு முருகவேல் கெட்டிக்காரர்தான். ஆனால் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கான பந்தோபஸ்து தலைக்கு மேல் கிடந்தது. வேணுவை வரவழைத்தார்.

"பணம் எப்ப குடுத்தது?"

"நேத்து சாயங்காலம் சார். ஆறரை இருக்கும். அப்பதான் விளக்கு வெச்சாங்க."

"யாரு குடுத்தா?"

"முதலாளியே, அவர் கையால. நான் பக்கத்துல நின்னேன்."

ஆறரைக்கு அவள் உள்ளே போனதை எதிர் டீக்கடைக்காரரும் பார்த்திருந்தார். பரசுராமனுக்குப் போன் போட்டால், "குடுத்துட்டேன்பா" என்று வைத்துவிட்டார். அப்புறம் என்ன?

"சம்பள விவகாரம்னா லேபர் ஆபீஸ்ல சொல்லும்மா. பௌர்ணமி முடியட்டும், நானும் வந்து பாக்கறேன்."

பௌர்ணமி முடிந்தது. புதன்கிழமையும் முடிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறே முக்கால். சொன்ன சொல்லுக்காக ஏட்டு உண்ணாமலையைக் கூட்டிக்கொண்டு லாட்ஜுக்கு வந்தார். கல்லாப் பக்கத்தில் காமாட்சி விளக்கு எரிந்தது. பால்கார வேடியப்பன் தலையைச் சொறிந்தபடி நின்றான்.

"பால் காசு குடுத்தீங்கன்னா தவிடு வாங்குவேன் முதலாளி."

"விளக்கு வெச்சாச்சு. அதுவும் ஆடி வெள்ளி. காலையில வாப்பா."

வேடியப்பன் போய்விட்டான். ஏட்டு போகிறவனையே பார்த்தார்.

"இது எப்பவுமே இப்படித்தானாங்க?"

"எங்கப்பா காலத்துலேருந்து. வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சப்புறம் மகாலட்சுமியை யாராவது வெளிய அனுப்புவாங்களா?"

"அப்ப போன வெள்ளிக்கிழமை ஆறரைக்கு உண்ணாமலைக்கு எப்படிக் குடுத்தீங்க?"

"ஆறரைக்கா? மத்தியானமே வேணு கையில குடுத்தனுப்பிட்டேனே. நின்னுக்கறேன், கணக்கை முடிங்கன்னு இவதானே சொன்னாளாம்!"

"நானா?" என்றாள் உண்ணாமலை. "நீங்கதானே என்னை நிறுத்தினீங்க?"

வேணு நைசாக வாசல் பக்கம் நகர்ந்தான். ஏட்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"இருடா. முதலாளி நிறுத்திட்டார்னு இவங்ககிட்ட சொன்ன. இவங்களே நின்னுட்டாங்கன்னு அவர்கிட்ட சொன்ன. ரெண்டு பேரும் ரோஷக்காரங்க, ஒருத்தரை ஒருத்தர் கேக்க மாட்டாங்கன்னு உனக்குத் தெரியும். ஆறரைக்கு இவங்க வந்ததை டீக்கடையில பாத்துட்டாங்க, அதனால அந்த நேரத்தையே சொன்ன. அன்னிக்கு வெள்ளிக்கிழமைங்கறதைத்தான் கோட்டை விட்டுட்ட. பணம் எங்க?"

"லாட்டரியில போயிடுச்சு சார்."

ஏட்டு வீட்டிலும் இதே பழக்கம்தான். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபிறகு பக்கத்து வீட்டுக்கு உப்புக்கூடத் தரமாட்டார்கள். போன சனிக்கிழமை வேணு தன் வாயாலேயே விளக்கு வைத்த நேரம் என்று சொன்னான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. யார் கையில் கொடுத்தீர்கள் என்று பரசுராமனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். சே, என்ன போலீஸ் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பரசுராமன் உண்ணாமலை பக்கம் திரும்பினார்.

"சொல்லாம நின்னுட்டாளேன்னு கோவம்மா எனக்கு. உன் மூஞ்சியைத் திரும்பிப் பாத்து ஒரு வார்த்தை கேக்கலியே, பாவி நான்!"

சட்டென்று கல்லாவைத் திறந்து நோட்டுகளை அள்ளினார்.

"இந்தா, பிடி. வெள்ளிக்கிழமையாவது ஒண்ணாவது. முதல்ல பொண்ணுக்கு ஃபீஸைக் கட்டு."

உண்ணாமலை கையை நீட்டவில்லை.

"விளக்கு எரியுதுங்க முதலாளி. நாளைக்கே வந்து வாங்கிக்கறேன்."

"அட, அவசரம்னுதானேம்மா குடுக்கறேன்!"

"அவ சீட்டை வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. இனிமே என்னங்க அவசரம்?"

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.