நான்கு விரற்கிடை

மேற்கு மலைகளுக்குப் பின்னே செங்கதிரோன் இறங்கிக்கொண்டிருக்க, கீழ்வானில் எழுந்த முழுமதி பொருநையாற்றின் நீர்ப்பரப்பெங்கும் பால்நிற ஒளியைப் பரப்பத் தொடங்கிய அந்த அந்திவேளையில், வாகைநல்லூர்க் கோட்டையின் ஒரேயொரு மூலை மட்டும் காவலின்றிக் கிடந்தது. ஆற்றுப் பக்கத்து மதிலையொட்டி அங்கே ஓர் ஓலைக்குடில் இருந்தது. மாதவிலக்கான அரண்மனைப் பெண்டிர் மூன்று நாள் ஒதுங்கியிருக்கும் இடம் அது. காவலர் நெருங்கினால் தீட்டாம். எதிரி நுழைந்தால் மட்டும் தீட்டில்லை போலும்! அன்பார்ந்த வாசகர்களே, எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குடிலுக்குள் சுருண்டு கிடந்தவள், தந்தை போரில் மாண்டபின் இரண்டு ஆண்டுகளாகக் கோட்டையைக் கட்டிக்காத்த இளவரசி கொற்றவல்லி. அவள் விலக்கான நாட்களில் அரச முத்திரை முதன்மந்திரி அழகப்பிரானிடம் இருப்பது மரபு. அக்கரையில் பாசறை அமைத்திருந்த எதிரி இளவரசன் பரிதிமாறனுக்குக் கோட்டையை ஒப்படைக்கும் ஓலையில், விளக்கேற்றும் நேரத்தில் மந்திரி அந்த முத்திரையைப் பதிக்கப்போவதாகத் தோழி சற்றுமுன்தான் வேலிக்கு அப்பால் நின்று அழுதுகொண்டே சொல்லிப்போனாள். கொற்றவல்லி பதறி எழுந்தாள். அடிவயிற்றை ஈரத்துணிபோல் முறுக்கிப் பிழிந்த வலி அவளை மறுபடியும் பாயில் தள்ளியது. அரண்மனை வைத்தியருக்கு ஆளனுப்பினால், மூன்று நாள் கழித்து வருகிறேன் என்றாராம் அந்தப் புண்ணியவான்.

அப்போது குடிலுக்கு வெளியே ஓர் ஆண்குரல், வலி எங்கே என்று கேட்டது. அவள் குறுவாளை எடுத்தாள். உள்ளே வரமாட்டேன் என்றும், வர்மக்கலை பயின்றவன் என்றும், தன் தமக்கையும் மாதந்தோறும் இப்படித் துடிப்பவள் என்றும் அக்குரல் சொல்லிற்று.

"காலின் உட்கணு எலும்புக்கு மேலே நான்கு விரற்கிடை அளந்துகொள்ளுங்கள், அம்மணி. எலும்பின் பின்விளிம்பில் தொட்டாலே நோகும் ஓரிடம் இருக்கும். அங்கே கட்டைவிரலால் அழுத்தி, மூச்சை மெல்ல விடுங்கள். பிறகு மறுகாலிலும் செய்யுங்கள்."

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். ஒரு நாழிகையில் முறுக்கு மெல்லத் தளர்ந்தது. வலி முழுதும் போகவில்லை; ஆனால் எழுந்து நிற்க முடிந்தது. வெளியே வந்து பார்த்தபோது அங்கே யாரும் இல்லை.

அவள் அரசவையை நோக்கி விரைந்தாள். தடுக்க வேண்டிய காவலர், மேலே பட்டுவிடுவாளோ என்று சுவரோடு ஒண்டினர். அவைக்குள் ஓலையின்மீது முத்திரையை உயர்த்தியிருந்த அழகப்பிரானை நோக்கி அவள் கையை நீட்டியதுதான் தாமதம், தீட்டுக்கு அஞ்சிய அந்தப் பெரிய மனிதர் முத்திரையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் துள்ளினார். அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"அம்மணி, குடிலில் இருந்தது தாங்களா?" என்றான், மந்திரி துள்ளியதைக் கண்டு, எதிரே அமர்ந்திருந்தவன்.

அதே குரல்! காவலற்ற மூலைவழியே மந்திரி இரகசியமாக வரவழைத்த பரிதிமாறனேதான் அவன்.

"நான் யாரென்று தெரிந்திருந்தால் அந்த இடத்தைச் சொல்லியிருப்பீரா?" என்றாள்.

"வலியில் ஒருத்தி முனகினாள், நாச்சியார். பெயர் கேட்கத் தோன்றவில்லை."

அந்த விடை அவள் சினத்தைத் தணிக்கவில்லை, இன்னும் மூட்டிவிட்டது. சொந்தக் கோட்டையில் ஒருவனுக்கும் தோன்றாதது இவனுக்கா தோன்ற வேண்டும்?

"வந்த வழியே போய்விடும். உம் படகு அக்கரை சேரும்வரை என் வில்லாளிகள் நாணேற்ற மாட்டார்கள். நாளை படையோடு வந்தால், முதல் வாள் என்னுடையது."

பரிதிமாறன் வணங்கிப் போனான். அவன் போன திசையை ஒரு கணம் அதிகமாகவே பார்த்துவிட்ட தன்மீதும் அவளுக்குக் கோபம் வந்தது. மந்திரியை விலங்கிடச் சொல்லிவிட்டு, முத்திரையை இறுகப் பற்றியபடி, சத்தம் கேட்டு வாயிலில் திரண்டிருந்த அவையோரை நோக்கித் திரும்பினாள்.

"என் தந்தைமேல் ஆணை. இனி மாதத்தின் முப்பது நாளும் இது என் கையில்தான் இருக்கும்."