வாசனை வந்தால் உள்ளே போகாதே!

ட்ரிங்... ட்ரிங்...

தோப்பும்படி கேஸ் ஏஜென்சியில் காலை எட்டு மணிக்கு போன் அலறியது.

லக்ஷ்மிநாராயணன் உடனே எடுக்கவில்லை. நாலு தடவை மணி அடிக்கட்டும் என்று இருந்தான். துக்கத்துக்கு அவசரம் கூடாது பாருங்கள்!

"ஹலோ..."

"சாமி! நான் மட்டாஞ்சேரி பக்கத்து வீட்டு முகமது இஸ்மாயில்! வேகம் வாங்க... உங்க அடுக்களை தீப்பிடிச்சுப் போச்சு! உள்ளே ஒரு பொம்பளை... போயாச்சு சாமி!"

"ஐயோ, கமலாக்ஷீ!"

அழுகை கச்சிதமாக வந்தது. பின்னே? ஒரு வாரப் பயிற்சியாச்சே!

ஆசாமிக்கு என்ன உத்தியோகம் தெரியுமா? மாதர் சங்கங்களில் அடுக்களைத் தீயைத் தடுப்பது எப்படி என்று வகுப்பெடுப்பது! ரெகுலேட்டரை மூடு... ஜன்னலைத் திற... ட்யூபைப் பார்... ஊருக்கெல்லாம் சொன்னதை இன்று காலை தன் வீட்டில் தலைகீழாகச் செய்து வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தான், படுபாவி!

அப்போது மனைவி கமலாக்ஷி குளித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக ஜலதோஷம், மூக்கடைப்பு. கேஸ் வாசனை தெரியாது. வந்ததும் காபிக்கு அடுப்பைப் பற்ற வைப்பாள்.

அப்புறம்?

அப்புறம் எதிர் வீட்டு அனந்தலக்ஷ்மி! இரண்டு வருஷக் கள்ளக் காதல். வருஷம் திரும்பியதும் ஊரறியக் கல்யாணம்!

டாக்ஸியில் பறந்தான்.

வாசலில் கும்பல். வெள்ளைத் துணி போர்த்திய உடம்பு. பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர் நீலகண்டன்.

"கமலாக்ஷீ! என்னை விட்டுட்டுப் போயிட்டியேடீ!" விழுந்து புரண்டான்.

"ஏன்னா... நான் இங்கே இருக்கேன்."

முதுகுக்குப் பின்னால் குரல்!

கமலாக்ஷி! யார் மேலும் படாமல், வாசல் மூலையில் தனிப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ... நீ அடுக்களைக்குப் போகலையா?"

"எப்படிப் போவேன்? குளிக்கப் போன இடத்துல தூரமாயிட்டேன். மூணு நாளைக்கு அடுக்களைப் படி மிதிக்கப்படாதே! அதான் ஒரு வாய் காபி போட்டுத் தாடின்னு எதிராத்து அனந்தத்தைக் கூப்பிட்டேன்..."

லக்ஷ்மிநாராயணன் துணியை விலக்கினான். கருகிய கையில் அவன் வாங்கிக் கொடுத்த வளையல்.

"அனந்தம்! நீ ஏண்டி உள்ளே போனே? அது உனக்கு வெச்சது இல்லியேடீ!"



நீலகண்டன் மீசையைத் தடவினார். "அப்போ யாருக்கு வெச்சது, சாமி?"

லக்ஷ்மிநாராயணன் இரண்டே நிமிஷத்தில் கையில் விலங்கோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தான்.

"சார், அவரண்ட ஒரு வார்த்தை பேசிக்கறேன்." கமலாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பருகே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பத்து நாள் முன்னாடிதானே தூரமா இருந்தேன்? அதுக்குள்ள மறந்துட்டேளா?"

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "அ... அப்போ உனக்கு..."

"அந்த வளையல் எந்தக் கடையில வாங்கினேள்ங்கறது வரைக்கும் தெரியும். மூக்கு நேத்திக்கே திறந்துடுத்து. அடுக்களை வாசல்ல நின்னேன், கேஸ் குப்புனு அடிச்சுது. அனந்தம் ஆத்துல விறகடுப்பு. பாவம், அவளுக்கு கேஸ் வாசனை எங்கே தெரியும்?"

"கொலைகாரி! சார், இவ..."

"கத்தாதேங்கோ, யாரும் நம்பப் போறதில்லை. வாசனை வந்தா உள்ளே போகாதே, யாரையாவது கூப்பிடுன்னு கிளாஸ் எடுத்ததே நீங்கதானே?"

கமலாக்ஷி சிரித்தாள்.

"கூப்பிட்டேன்!"