துரையின் குறட்டை

துரை ஒரு கிளி. அம்மாவின் தையல் மெஷினைப் போல டகடகவென்று சத்தம் போடும். அழைப்பு மணி போல ஒலித்து அம்மாவைக் கதவுக்கு ஓடவைக்கும்.

அதனால் கூண்டிலிருந்து 'கர்... கர்...' என்று கேட்டபோது வீடே சிரித்தது. மாமாவின் குறட்டையும் அதே சுருதிதான்.

"என்னையே கிண்டல் பண்றான் பாரு," என்று மாமா பெருமையோடு இன்னொரு பிடி சூரியகாந்தி விதை போட்டார். துரை வேறெதையும் தொடாது.

மத்தியானம் துரை தூங்கியது. அப்போதும் கர்... கர்... ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. சிறுமி சுண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, தூங்கும்போது யாராவது நடிப்பாங்களா?"

தையல் மெஷின் நின்றது.

அன்றே துரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பறவை மருத்துவர் மருந்து கொடுத்தார். விதை மட்டுமே தின்றால் சத்துக் குறைந்து மூக்கும் மூச்சுக்குழாயும் உள்ளே கெட்டுப்போகும், சாப்பாடு மாறாவிட்டால் துரை பிழைப்பது கஷ்டம் என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

மருத்துவர் துரையின் மேல் வைத்த ஸ்டெதஸ்கோப்பைச் சுண்டுவின் காதில் மாட்டினார்.

"பறவை இழுக்கிற காத்து நெஞ்சோட நிக்காது. சில எலும்புக்குள்ளயும் போயிட்டு வரும்."

சுண்டு தன் கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு துரையைப் பார்த்தாள். இத்தனை சின்ன உடம்பில், எலும்புக்குள் காற்று.

வீட்டில் அம்மா கேரட் வைத்தாள். துரை அதை மாமாவின் தலையில் எறிந்தது. கீரையையும் எறிந்தது.

சுண்டு யோசித்தாள். மறுநாள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேரட்டைக் கடித்தாள். கறுக். மாமாவுக்கும் ஒன்று நீட்டினாள்.

"எனக்கெதுக்கு? நான் நல்லாத்தானே மூச்சு விடறேன்?"

"பக்கத்து வீட்டுல கேட்டுப் பாருங்க மாமா."

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். தினமும் மூவரும் கறுக், கறுக். துரைக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஒரு நாள் கூண்டிலிருந்து 'கறுக்' என்று கேட்டது. அலகு காலியாக இருந்தது. சுண்டு அசையாமல் ஒரு துண்டை நீட்டினாள். துரை கழுத்தை நீட்டி வாங்கியது.

கறுக். இது நடிப்பு இல்லை.

விதை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கேரட்டும் கீரையும் கூடின.

பிறகொரு மத்தியானம் துரை தூங்கியது. வால் ஆடவில்லை. சுண்டு தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்டாள். சத்தமே இல்லை. எலும்புவரை போய்த் திரும்பும் காற்று, சத்தமே இல்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.

உள்ளறையில் மாமா, கர்... கர்...

துரை ஒரு கண்ணைத் திறந்து அந்தப் பக்கம் பார்த்தது. மறுபடி மூடிக்கொண்டது.