பின்னால் வருகிறவர்களுக்காக

மூடிவிட்டு வந்த கேட் மறுபடியும் திறக்கிற சத்தம் கேட்டது.

மகன் ரோனன் தாழ்ப்பாளைத் தள்ள, அது குழியில் டங்கென்று விழுந்ததைக் காதால் கேட்டு, கேட்டை ஒரு தடவை ஆட்டியும் பார்த்துவிட்டுத்தான் நுவாலா சைக்கிளில் ஏறியிருந்தாள். அடுத்த மேட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் அதே தாழ்ப்பாள் இழுபடுகிறது, அதே கீல் முனகுகிறது, கொஞ்சம் பொறுத்து அதே டங்.

"அம்மா, நம்ம கேட்டை யாரோ தொறக்கிறாங்க." சைக்கிளுக்குப் பின்னால் மாட்டியிருந்த டிரெய்லருக்குள்ளிருந்து, 'ற' வராமல் நாக்கைக் கடித்துக்கொண்டு ரோனன் சொன்னான்.

"தொறக்கட்டுமே. ரோடு நமக்கு மட்டுமா எழுதி வச்சிருக்கு? யாராவது நடந்து வருவாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, ரோனன் கேட்டை மூடும்போது அவள் திரும்பிப் பார்த்திருந்தாள். ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை அது. கோடு போட்டது மாதிரி நேராகக் கிடக்கும், ஆள் வந்தால் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். கல் பாலம் வரைக்கும் ஒரு ஈ காக்கை இல்லை. மூடுபனி அப்போதுதான் வயலிலிருந்து பாதை மேல் ஏறத் தொடங்கியிருந்தது, அதற்குள் மறைந்து வந்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அதற்குப் பிறகு முள் மண்டிக் கிடந்ததைச் சுத்தம் பண்ணி, பொடிக்கல் கொட்டி, சைக்கிள் பாதை ஆக்கினார்கள். கோடையில் டப்ளின்காரர்களும் ஜெர்மன்காரர்களும் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு மணியடித்தே நம் உயிரை வாங்கிவிடுவார்கள். நவம்பரில் ஒரு நாய்கூட வராது. எங்கள் மேயோ மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நவம்பர் எங்களுக்கே எங்களுக்கு என்று விட்டுவைத்த மாதம். மழையும் அதோடு சேர்த்துத்தான்.

அன்றைக்குக் கல்லறைத் திருநாள். காலைப் பூசையில் ரோனன் ஆடாமல் அசையாமல் நின்றான், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். அதற்குப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, கேட் திறக்கணும் என்றான். பாதை பண்ணைகளுக்கு நடுவே போவதால் வழியெங்கும் இரும்புக் கேட்டுகள். நிறுத்தின இடத்தில் டிரெய்லரிலிருந்து குதித்து, தாழை இழுத்து, கேட்டின் அடிக்கம்பியில் ஏறி நின்று ஊஞ்சல் மாதிரி போய்வந்து, அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்ததும் மூடிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்துகொள்வான். இதைவிடப் பெரிய உத்தியோகம் உலகத்தில் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை. அவள் புருஷன் ஃபெர்கல் அவர்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முனையில் இறக்கிவிட்டு, மறுமுனையில் பழைய ஸ்டேஷன் வாசலில் காரோடு காத்திருப்பதாகச் சொல்லிப் போனான்.

கிளம்பும்போது வேலி கட்டிக்கொண்டிருந்த பாட்சி, "வாடா கேட் கீப்பரு!" என்றான். பாதிக் கேட்டுகள் அவனுடையவை. "ஒவ்வொண்ணையும் மூடிட்டுப் போகணும், சொல்லிட்டேன். என் மாடுங்களுக்குப் போர்டு படிக்கத் தெரியாது."

"ஆனா இன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக் கதவைத் தாழ் போட மாட்டோம். செத்தவங்க வருவாங்கல்ல?"

"அது வீட்டுக் கதவுடா. அவங்க வந்து அடுப்போரமா குளிர் காஞ்சிட்டுப் போகட்டும். இது மாட்டுக்கு வச்ச கேட்டு."

"பிள்ளையைப் பயமுறுத்தாதீங்க, பாட்சி."

"நம்ம வீட்டு ஆளுங்கதானே, ஏம்மா நுவாலா, இதுல பயப்பட என்ன இருக்கு?" என்று சிரித்தான்.

இப்போது அந்தச் சிரிப்பு அவளுக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. பாதை இரண்டு பக்கமும் மண் சரிவு உயர்ந்த பள்ளத்துக்குள் இறங்கியது. சரிவில் இலையுதிர்ந்த முள்மரங்கள், அவற்றின் நுனியிலிருந்து சொட்டுகிற நீர், டயருக்கடியில் பொடிக்கல் நொறுங்குகிற சத்தம், எங்கேயோ ஒரு வீட்டு அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரிகிற கரிமண் கட்டியின் புகை வாசனை, அதற்குள் நனைந்த கம்பளித் துணியின் வாடை ஒன்று. மாடு நனைந்தால் அப்படி வீசாது. அது மனிதர் போடுகிற துணியின் வாடைதான்.

நிறுத்தினாள். சக்கரம் நின்றதும் பொடிக்கல் சத்தமும் நின்றிருக்க வேண்டும். ஒரு கணம் தாமதமாகத்தான் நின்றது.

"யாருங்க?" என்று கூப்பிட்டாள். "பின்னாடி யாரு வர்றது?"

பதில் இல்லை. எங்கள் ஊரில் இது நடக்காத காரியம். பாதையில் எதிர்ப்பட்டவன் பரம்பரை எதிரியாக இருந்தாலும் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவான். அதுவும் பேரைக் கேட்டால் அவன் பாட்டன் பேர் வரைக்கும் வந்துவிடும்.

பள்ளம் முடிந்த இடத்தில் அடுத்த கேட் நின்றது. ரோனன் குதித்து ஓடித் திறந்தான், அவள் வண்டியை அந்தப் பக்கம் தள்ளினாள். பார்த்தால் சங்கிலி கழன்று தொங்குகிறது. சனியன், இப்போதுதானா! சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கேட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள். அப்போது போன் அடித்தது.

"எங்கடி இருக்கீங்க? இருட்டப் போகுது," என்றான் ஃபெர்கல்.

"வந்துட்டே இருக்கோம். சங்கிலி கழண்டுக்கிச்சு."

"அம்மா," என்றான் ரோனன் பின்னாலிருந்து. "வர்றாங்க."

வருகிறார்களா! அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. ஆட்கள்தான், நடக்கிற ஆட்கள். "அப்போ கேட்டைப் புடிச்சுக்கடா, ராசா. அவங்க மூஞ்சில சாத்தாத. எல்லாரும் போற வரைக்கும் புடிச்சுக்கிட்டு நில்லு, அப்புறம் வந்து உக்காரு." பிறகு போனில், "உன் மவன் ஊருக்கெல்லாம் வழி விட்டுக்கிட்டு இருக்கான், கேட்டுக்கோ."

பின்னால் வருகிறவருக்குக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிக்கொடுக்கிற மரியாதை. அவளுடைய அம்மா அவளுக்குச் சொன்னாள், அவள் ரோனனுக்குச் சொன்னாள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கிரீஸ் விரல்களால் சங்கிலியைப் பல்சக்கரத்தில் ஏற்றினாள். அவர்கள் கடந்து போனார்கள். கண்ணோரத்தில் சாம்பல் நிறமாக ஒரு பாவாடை ஓரம், ஆணியடித்த கனத்த பூட்ஸ், கயிறு கட்டிய ஒரு பெட்டியின் மூலை. கம்பளி வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. "பனி ரொம்பத்தான் இருக்கு, இல்ல?" என்றாள் நிமிராமல். பூட்ஸ்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. பெட்டியும் கையுமாக, இந்த நாளில், இந்தப் பாதையில் யார்?

நிமிர்ந்தபோது முன்னால் பாதை வெறுமையாகக் கிடந்தது.

டிரெய்லர் லேசாக அமுங்கியது. ஜிப் இழுபடுகிற சத்தம் கேட்டது.

"போலாம்மா," என்றது உள்ளிருந்து ரோனன் குரல்.

அவள் ஏறி மிதித்தாள்.

மிதி கனத்தது. சங்கிலியைச் சரியாக மாட்டவில்லையோ என்று குனிந்து பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சமதளப் பாதை, காற்றும் இல்லை, ஆனாலும் மழையில் ஊறிய வைக்கோல் பொதியை இழுக்கிற மாதிரி தொடை நடுங்கியது. அந்த நேரம்தான் உறைத்தது. கேட் மூடின சத்தம் அவள் காதில் விழவே இல்லை.

"கேட்டை மூடுனியாடா?"

"ம்."

"எத்தனை பேரு போனாங்க?"

"நெறைய."

"யாரு, தெரிஞ்சவங்களா?"

"வீட்டுக்குப் போறவங்க."

குரல் அவனுடையதுதான். 'ற' வராமல் நாக்கைக் கடித்துக்கொள்கிற பழக்கம் மட்டும் காணோம். இந்த ஒரு எழுத்துக்காக அவனைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறாள். இவ்வளவு சுத்தமாக அவன் என்றைக்குச் சொன்னான்? சந்தோஷப்படத்தான் வேண்டும். அவள் இன்னும் அழுத்தி மிதித்தாள்.

ரயில் ஓடிய காலத்தில் பிழைப்புக்காக அதில் ஏறிக் கப்பலுக்குப் போகாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன் இப்போது அந்த நினைப்பு வந்தது என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த கேட்.

"இறங்குடா. உன் வேலை."

"நீயே தொற."

"என்னடா, கால் வலிக்குதா?"

"நீயே தொறம்மா."

திறந்தாள். தள்ளினாள். மூடினாள். டிரெய்லர் பக்கத்தில் வந்து நின்றாள். நீலத் துணிக்கூரை, பனி முத்துமுத்தாகப் பூத்திருந்தது. உள்ளே உருவம் தெரியவில்லை. ஜிப்பின் நுனியைப் பிடித்தாள். பிள்ளை முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், இந்தக் கிறுக்குத்தனமெல்லாம் ஓடிப்போகும். இழுத்தாள்.

வரவில்லை.

உள்ளேயிருந்து யாரோ அதைப் பிடித்திருந்தார்கள். பிள்ளைப் பிடி இல்லை அது.

"குளிருதும்மா. மூடியே இருக்கட்டும்."

கையை எடுத்தாள். எடுத்ததற்காகத் தன்னை வெறுத்தாள். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் பயப்படுகிற தாய் எங்கேயாவது உண்டா? திரும்பிப் போக வேண்டும் என்று ஒரு மனது அடித்துக்கொண்டது. எங்கே திரும்ப? பிள்ளை வண்டிக்குள் இருக்கிறானே. இருக்கிறானா? ஃபெர்கலிடம் போய்விட்டால் போதும். வெளிச்சம் வந்துவிட்டால் போதும்.

மிதித்தாள். மூச்சு வாங்கியது. பின்னால் முனகல் போல ஒரு பாட்டு, வார்த்தையில்லாமல். ரோனனுக்குத் தெரியாத பாட்டு. கம்பளி வாடை. பிடரியில் ஈரக் காற்று. திரும்பாதே. மிதி. வெளிச்சம். கார் வெளிச்சம்.

"மாதாவே," என்று சொல்லிக்கொண்டே ஸ்டேஷன் வாசலுக்குள் வந்து சைக்கிளைப் போட்டாள்.

ஃபெர்கல் சிரித்துக்கொண்டே காரிலிருந்து இறங்கினான். "என்ன முகம் இது, பேயைப் பாத்த மாதிரி? எங்க, நம்ம வீட்டு ஸ்டேஷன் மாஸ்டர்?"

"ஃபெர்கல், தொறக்காத..."

ஜிப் அவனுக்கு எளிதாக வழிவிட்டது. குனிந்து இரண்டு கையையும் உள்ளே விட்டான். தூக்கும்போது காலை அகட்டி ஊன்ற வேண்டியிருந்தது. "அடேயப்பா! என்னடா இந்தக் கனம்? என்னத்தைத் தின்ன?" ரோனனின் மழைக்கோட்டு. ரோனனின் தொப்பி. முகம் அப்பா தோளில் புதைந்திருந்தது. இரண்டு கைகளும் அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டன.

அப்போது பாதையிலிருந்து, வெகு தூரத்திலிருந்து, அவ்வளவு தூரத்திலிருந்து கேட்கவே கூடாத ஒரு சின்னக் குரல் பனிக்குள்ளாக வந்தது.

"அம்மா... கை வலிக்குது."

ஃபெர்கலின் சிரிப்பு நின்றது. அவனும் கேட்டுவிட்டான்.

"அம்மா, இன்னும் நெறைய பேரு வந்துக்கிட்டே இருக்காங்க. நான் புடிச்சுக்கிட்டே இருக்கேன். விட்டுடவா?"

'ற' வராத குரல். அவள் பெற்ற குரல். எப்படி மறந்தாள், எப்படி விட்டுவிட்டு வந்தாள், ஐயோ, எப்படி? நுவாலா இருட்டைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "விட்டுடு ரோனன்! விட்டுட்டு ஓடி வாடா! அம்மாகிட்ட ஓடி வா!"

டங்.

கேட் மூடிக்கொண்டது. இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஓடிவருகிற காலடிச் சத்தத்துக்காக. பொடிக்கல் நொறுங்குகிற சத்தத்துக்காக. எதற்காவது. பனியில் ஒன்றுமே அசையவில்லை.

ஃபெர்கல் பிடியை விட்டுவிட்டான். இரண்டு கைகளும் பக்கத்தில் வெறுமனே தொங்கின. அது விழவில்லை. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. தோளில் புதைத்திருந்த தலையை மெதுவாக அவள் பக்கம் திருப்பியது.

"வந்துட்டேனேம்மா," என்றது.