மூன்று பச்சை

பள்ளிக் கதவு இளம்பரிதியைப் பார்த்து, "வணக்கம், விருந்தினரே. யாரைக் காண வந்தீர்கள்?" என்று கேட்டது.

முந்தின நாள் மாலை வரை அதே கதவு அவன் முகம் தெரிந்த மாத்திரத்தில் வாயைப் பிளந்து வழிவிட்டுக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்புப் பையன், கதவு விளையாடுகிறது என்று நினைத்துச் சிரித்தான். பின்னால் வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவன் காலை வைத்தபோதெல்லாம் கதவு மூடிக்கொண்டது. சிரிப்பு அடங்கி, வழக்கமான அந்த விசில் அவன் நெஞ்சுக்குள் கேட்க ஆரம்பித்தது. அவனுக்கு வீசிங் உண்டு.

சம்யுக்தா இதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

சிறுவாணிப் புதுநகரில் சம்யுக்தா மிஸ்ஸைத் தெரியாதவர் கிடையாது. தெரியாமல் இருக்க அவளும் விட்டது கிடையாது. ஆங்கிலம் கற்பிப்பது பற்றி அவள் எழுதும் வலைப்பூவை வெளிநாட்டில்கூடப் படிக்கிறார்கள் என்று அவளே சொல்லுவாள். காலையில் தோசை கருகினால் சாயங்காலம் அது 'தவறுகளிலிருந்து கற்றல்' என்ற தலைப்பில் வந்துவிடும் என்று பி பிளாக்கில் ஒரு பேச்சு. பொறாமைப் பேச்சுதான். ஏனென்றால் அவளுடைய பிள்ளைகள் உண்மையாகவே நல்ல ஆங்கிலம் எழுதினார்கள்.

அதற்கு அவள் கண்ட வழி, கூட்டேடு. வகுப்பு முழுவதற்கும் திரையில் ஒரே ஏடு. ஒரு பிள்ளை எழுதும், இன்னொன்று திருத்தும், வேறொன்று வெட்டும், ஒட்டும். ஒரு வரி சரி என்று மூன்று பிள்ளைகள் பச்சை போட்டால் அந்த வரி நிலைக்கும். பெரியவர்களின் விரல் அதில் படக்கூடாது. திரையே விரலைப் பார்த்து ஆளை அறிந்துகொள்ளும். நட்புக்காகவோ பாவம் பார்த்தோ பச்சை போடக் கூடாது என்பதில் அவள் கறார். அழுத பிள்ளைகள் உண்டு. அழுதபடியே நன்றாக எழுதக் கற்றுக்கொண்டன.

முதல் பருவத்தில் 'எங்கள் நகர்' என்று எழுதச் சொன்னாள். பிள்ளைகள் புகுந்து விளையாடிவிட்டார்கள். எந்த லிஃப்ட் பாதியில் நிற்கும், எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனார்கள், ஒன்றையும் விடவில்லை.

புதுநகரில் குழாயைத் திறப்பது, கதவைத் திறப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் நகரறிவி என்ற இயந்திரத்தின் பொறுப்பு. எந்த வீட்டில் எத்தனை தலை என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். பெரியவர்களைக் கேட்டால் தண்ணீருக்காக ஆளுக்கு இரண்டு மாமியாரைக் கூட்டிச் சொன்னார்கள். நகரறிவி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஊரில் பொய்யே இல்லாத பக்கம் ஒன்றுதான் இருந்தது: ஆறாம் வகுப்பின் கூட்டேடு. அன்று முதல் பிள்ளைகளின் பச்சை வரி அதற்கு வேதவாக்கு ஆயிற்று. நகர சங்கம் விழா எடுத்து, சம்யுக்தாவுக்குச் சால்வை போர்த்தியது.

இந்தப் பருவம் சிறுவர் இலக்கியம். புதுக் கூட்டேடு திறக்க வேண்டுமென்றால் சங்கம் கூட வேண்டும். சங்கம் கூடினால் பார்க்கிங் சண்டை வரும். அதனால் பழைய ஏட்டிலேயே ஒரு பக்கத்தைத் திறந்து கதை எழுதச் சொல்லிவிட்டாள். "கதை எது, நெசம் எதுன்னு அதுக்குத் தெரியாமப் போயிருமாங்க?" என்று சங்கச் செயலாளர் பிரசன்னகுமாரும் தைரியம் சொன்னார்.

தெரியும்தான். பேசும் யானையையும் பறக்கும் பாயையும் நகரறிவி கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் ஜெரூஷா எழுதியது வேறு மாதிரி. பி பிளாக் நாலாவது மாடியில் இளம்பரிதி என்றொரு பையன் இருந்தான். மழை பெய்த ஒரு மாலையில் குடையை வாசலில் வைத்துவிட்டு மழையோடு போய்விட்டான். அம்மா இன்னும் அந்தக் குடையை எடுத்து உள்ளே வைக்கவில்லை. அவ்வளவுதான் கதை. படித்துவிட்டு சம்யுக்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதுக்குள் இப்படி ஒரு பிள்ளை எழுதுமா என்று வலைப்பூவில் நீளமாக எழுதினாள்.

கதைக்கு முதல் பச்சை அஃப்ரின் போட்டாள். இரண்டாவது பச்சை நற்குணனுடையது. மூன்றாவதை இளம்பரிதியே போட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் கதாநாயகன் ஆகியிருந்தான், போடாமல் இருப்பானா?

பையனின் பெயர் நிஜம். வீட்டு எண் நிஜம். அன்று மழை பெய்ததும் நிஜம். போய்விட்டான் என்பது மட்டும் பொய்யாக இருக்க நகரறிவிக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

சம்யுக்தா கீழே ஓடி அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தாள். "விருந்தினர் அனுமதி இல்லை" என்றது கதவு.

"என்னுங்க மிஸ், நான் என்னத்தப் பண்றது?" என்றார் பிரசன்னகுமார். சங்க அலுவலகத்தில் அவர் மட்டும்தான் எப்போதும் இருப்பார். "பெரியவங்க கை வைக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னது நீங்க. சங்கத்துக்கும் அதிகாரம் வேண்டாம்னு எழுதி வாங்குனதும் நீங்க. அப்பவே சொன்னனுங்க, ஒரு சாவி நம்மகிட்ட இருக்கட்டும்னு. என்னைய நம்பலையே நீங்க."

"இப்ப அதா பேச்சு? பையன் வெளிய நிக்கறான் சார்."

"நிக்கட்டுமுங்க. ஒரு பச்சை வரியை அடிக்கணும்னா மூணு புள்ளைங்க புது வரிக்குப் பச்சை போடோணும். நீங்க சொன்னா உங்க புள்ளைங்க போடாதா?" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்க டீயைக் குடித்தார்.

இளம்பரிதி தன் பங்குக்குத் தன் வலைப்பூவில் எழுதினான். வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வலைப்பூ உண்டு. மனதில் தோன்றுவதை யாரையும் கேட்காமல் எழுதிப் பழகுவதற்காக. 'நான் இங்கேதான் இருக்கிறேன். கதவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன்' என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். வலைப்பூவில் பச்சை போட இடமில்லை. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை எல்லாம் நகரறிவி நம்பினால் அதற்கும் சங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

மதியம் அவனுடைய அம்மா கோகிலவாணி பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். கத்துவாள் என்று வேடிக்கை பார்க்கக் கூடியவர்களுக்கு ஏமாற்றம். தணிந்த குரலில்தான் கேட்டாள்.

"ஏனுங்க மிஸ், என் பையனை எங்கீங்க அனுப்பினீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"பிளாக்குக்குக் கீழ மருந்துப் பெட்டில மூஞ்சியக் காட்டுனா இன்ஹேலர் விழுகும். இன்னைக்கு விழுகலை. டவுன் கடைல டாக்டர் சீட்டு கேக்கறாங்க. சீட்டு நகரறிவிகிட்ட இருக்குது. அதுகிட்டக் கேட்டா அப்படி ஒரு பையனே இங்க இல்லைங்குது. கையில இருக்கறது தீரப் போகுது மிஸ். வானம் வேற மூடிட்டு நிக்குது, பாருங்க. மழைன்னா அவனுக்கு ஆகாது."

சம்யுக்தா மேகத்தை நிமிர்ந்து பார்த்தாள். மழை என்ற சொல்லுக்காக அவள் அந்தக் கதையை எவ்வளவு பாராட்டியிருந்தாள்!

வகுப்புக்குள் போய்ப் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் அல்ல. ஜெரூஷா ஏற்கெனவே தன் சாப்பாட்டில் பாதியை வேலி வழியாக அவனுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"சரி, நற்குணா, டைப் பண்ணு. மறுநாள் அவன் திரும்பி வந்துவிட்டான். எழுதிட்டியா? பச்சை போடுங்க."

ஒரு விரலும் அசையவில்லை.

"சும்மா வந்துட்டானா மிஸ்?" என்றாள் அஃப்ரின். "அப்புறம் எதுக்குப் போனான்?"

"சரி, மழை நின்னுடுச்சு. அதனால வந்தான்."

"மழை நின்னா வந்துருவான்னா அவங்கம்மா எதுக்கு மிஸ் குடைய உள்ள எடுத்து வெக்காம இருப்பாங்க? கதை கெட்டுப்போகும்."

"எல்லாம் கனவு. கண் முழிச்சுட்டான்."

வகுப்பே முகம் சுளித்தது. கனவு என்று முடிக்கிறவன் சோம்பேறி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே.

"ஏய், இது கதை இல்லப்பா! அவனுக்கு மூச்சு விட முடியல!" அவள் ஜன்னலைக் காட்டினாள். "மிஸ்ஸுக்காகப் போடுங்க. ஒரே ஒரு தடவை."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ் சோதிக்கிறார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். போன மாதம் இதே மாதிரி கெஞ்சிப் பார்த்து, ஏமாந்து பச்சை போட்ட நாலு பேரை அவள் வகுப்பு முடியும்வரை நிற்க வைத்திருந்தாள்.

ஜெரூஷா மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "நான் எழுதறேன் மிஸ். ஆனா அவசரப்படுத்தாதீங்க."

வெளியே தூறல் விழுந்தது. வேப்பமரத்தடியில் இளம்பரிதி, கையிலிருந்த மருந்தும் தீர்ந்துபோய், அம்மாவின் முந்தானைக்குள் குனிந்து, தோள்கள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தான். சம்யுக்தா ஜன்னலுக்கும் ஜெரூஷாவுக்கும் இடையில் நடந்தாள். அந்தப் பெண் எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். நல்ல எழுத்தாளரை உருவாக்குகிறோம் என்று இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டவளுக்கு, அந்தப் பெண் கொஞ்சம் மோசமாக எழுதினால் போதும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

"முடிச்சுட்டேன்."

ஏட்டில் வரி விழுந்ததும் பச்சை விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு மேலும் விழுந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கீழே கதவு, "வா இளம்பரிதி" என்றது. சம்யுக்தா என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் படிகளில் இறங்கி ஓடினாள். கோகிலவாணி பையனைத் தூக்கிக்கொண்டு மருந்துப் பெட்டிக்கு ஓட, இவளும் கூடவே ஓடினாள். பெட்டி அவன் முகத்தைப் பார்த்து இன்ஹேலரைத் தள்ளியது. இரண்டு இழுப்பு. விசில் மெல்ல அடங்கியது. கோகிலவாணி சம்யுக்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிறகுதான் சம்யுக்தா பள்ளிக்குத் திரும்பி வந்தாள்.

"வணக்கம், விருந்தினரே" என்றது கதவு.

கைபேசியில் கூட்டேட்டைத் திறந்து படித்தாள். மழையிடம் பிள்ளைகள் போய் நண்பனைக் கேட்டார்கள். மழை, வெறுங்கையோடு நான் எப்படிப் போவேன் என்றது. அப்போது அவர்களுடைய ஆசிரியை சம்யுக்தா முன்னால் வந்து, அவனை விடு, நான் வருகிறேன் என்றாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் நின்றுவிடுவாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

குறை சொல்ல ஒரு இடமில்லை. அவளே பச்சை போட்டிருப்பாள்.

ஆசிரியர் குடியிருப்பில் அவள் வீட்டுக் கதவும் அவளை அறியவில்லை. நடந்ததைத் தன் வலைப்பூவில் அவசரமாக எழுதினாள். வெளிநாட்டிலிருந்து யாரோ, 'அருமையான புனைவு' என்று பாராட்டியிருந்தார். கோகிலவாணிதான் வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தாள். புதுநகரில் இதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. பிரசன்னகுமார் மாற்று ஆசிரியைக்கு மறுநாளே ஏற்பாடு செய்துவிட்டார். நகரறிவியின் பட்டியலில் இடம் காலி என்று வந்ததாம், அவர் என்ன செய்வார்?

இடைவேளையில் அவள் வேலியோரம் போய் நின்றாள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். இளம்பரிதியும் ஓடிவந்தான், மூச்சு வாங்கவில்லை.

"மிஸ், கதை எப்படி?" என்றாள் ஜெரூஷா. கண்ணெல்லாம் ஒளி.

"ரொம்ப நல்லா இருந்துச்சுடா." அதைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. "நான் திரும்பி வரணுமே, கண்ணு."

"வரலாம் மிஸ், அதெல்லாம் கஷ்டமில்ல. ஆனா மழை சும்மா விடாதில்ல? யாரை அனுப்பலாம்?"

"பி.டி. சார்?" என்றான் நற்குணன்.

"பாவம்டா, அவருக்குக் கல்யாணம் வெச்சிருக்காங்க" என்றான் இளம்பரிதி. "மிஸ், நீங்களே சொல்லுங்க. நாங்க பச்சை போட்டுடறோம்."

யாரையும் அனுப்பக் கூடாது. மனிதரை மனிதர் எழுதி அனுப்பிவிட முடியாது. சும்மாவே திரும்பி வர எல்லாருக்கும் உரிமை உண்டு. இத்தனையும் சம்யுக்தாவின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவை பாடம், பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் பச்சை போடமாட்டார்கள். அதற்குள் கூப்பிடாமலே ஒரு முகம் மனதில் வந்து நின்றது. தனியாக இருக்கிற ஆள். மருந்து மாத்திரை ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் வெளியூரில். கதவுக்கு வெளியே நின்றாலும் உயிர் போய்விடாது.

ஜெரூஷா திரையில் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

"நம்ம செயலாளர் பிரசன்னகுமார் அங்கிள்..." என்றாள் சம்யுக்தா, குரலைத் தாழ்த்தி. "கதைக்குப் பொருந்துவாரா?"

பிள்ளைகள் உடனே தலையாட்டிவிடவில்லை. அவள் பழக்கிய பிள்ளைகள். வேலியில் சாய்ந்துகொண்டு, நிதானமாக யோசித்தார்கள்.